ஆச்சிக்கு என்ன கொண்டு போவது?

கோயிலுக்கும், குழந்தை உள்ள வீட்டிற்கும், முதியவர் வாழும் வீட்டிற்கும் வெறுங்கையோடு செல்லலாகாது என்பது நம் முன்னோர் வழக்கு. திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர் வழியாகக் கிளிவெட்டிக்குச் செல்லும் பேருந்தில் ஒரு விடுமுறை நாட்காலையில் ஏறிப் பார்ப்பவர், அவ்வழக்கு இன்றும் அழியாதிருப்பதைக் காணலாம். ஒருவர் மடியில் வாழைப்பழச் சீப்பு, இன்னொருவர் கையில் விசுக்கோத்துப் பேணி, மூன்றாமவர் பையில் கடைத்தாளில் சுற்றிய சேலை. முன்னாளில் இப்பயணம் எளிதாக இருக்கவில்லை. கடல்வழி வருவோர் மூதூருக்கு லோஞ்சு ஏறினர். தரைவழி வருவோர் கிண்ணியாத் துறையைப் பாதை எனப்படும் மிதவையிற் கடந்தனர். 2009ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் வழி எளிதாயிற்று. ஆயினும் வழியிற் செல்லும் பேரனுடைய மனத்திலோ பேர்த்தியுடைய மனத்திலோ எழும் ஐயம் ஒன்று மட்டும் எளிதாகவில்லை. "இதை ஆச்சி விரும்புவாரா?" என்பதே அந்த ஐயம்.

இவ்வையம் நியாயமானதே. ஏனெனில், அம்மம்மாவையோ அப்பம்மாவையோ நேரிற் கேட்டால் விடை கிடைப்பதில்லை. "எனக்கேன் பிள்ளை இந்தச் செலவு? நீ வந்ததே போதும்" என்பார். அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. நாம் கொடுத்த சேலையை நீவி மடித்துப் பெட்டிக்குள் வைப்பார். அடுத்த முறை நாம் செல்லும்போது பழைய சேலையோடே திண்ணையில் இருப்பார். நாம் கொடுத்த இனிப்பை அயல்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு முடித்திருப்பார். நமக்கோ சிறிது மனக்குறை. அச்செயல்களிலேதான் நம் கேள்விக்குரிய விடை மறைந்து கிடக்கிறது என்பதை இவ்வுரையின் முடிவிற் காண்போம்.

முதியவர் ஒருவருக்குக் கொடுத்த கொடை என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது, அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு அளித்த நெல்லிக்கனியே. அரிய முயற்சியால் கிடைத்த கனி அது. உண்டாரை நெடுநாள் வாழவைக்கும் என்று கருதப்பட்டது. அதனைத் தானே உண்ணாமல் புலவர்க்கு அளித்தான் என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவர். நாம் பெரும்பாலும் கவனியாது விடுவது மற்றொன்று. அக்கனியின் பெருமையை முன்னரே எடுத்துரையாமல் அவன் கொடுத்தான். "இதன் விலை இவ்வளவு, இதைத் தேடி இன்னின்ன இடமெல்லாம் அலைந்தேன்" என்று சொல்லிக் கொடுக்கும் கொடை வாங்குபவரின் தலையிற் சுமையாக ஏறுகிறது. சொல்லாமற் கொடுத்தது இலேசாகக் கைக்கு வருகிறது. ஆச்சிக்குப் பொருள் தேர்பவர் முதலில் கற்கவேண்டிய பாடம் இதுவே.

இனி, தேர்வில் நேரும் பிழைகளைப் பார்ப்போம். முதற்பிழை, நம் விருப்பத்தை அவர்மேல் ஏற்றுவது. சரிகை நிறைந்த பட்டுச் சேலை முக்காற் கிலோகிராமுக்கு மேலும் நிறை கொள்ளும். எழுபது வயது கடந்த தோளுக்கு அது அழகன்று, பாரம். கொசுவம் வழுக்காத, துவைத்தால் விரைவில் உலரும் மெல்லிய பருத்திச் சேலையோ வொயில் சேலையோ அன்றாடம் உடுக்க ஏற்றது. நிறத்தை நாமே முடிவு செய்வதும் தவறு. கணவனை இழந்தவராயின் வெள்ளையே வேண்டும் என்று எண்ணி வாங்குவோரும் உளர். அவர் வேண்டாதபோதும் வலிந்து வண்ணம் உடுத்துவோரும் உளர். அவர் எவ்வகைச் சேலையைத் தாமாக எடுத்து உடுக்கிறார் என்று இரண்டு நாள் பார்த்திருந்தால் போதும், கேட்க வேண்டியதில்லை. நல்ல சேலை பெட்டிக்குள் உறங்காதிருக்க ஓர் உபாயமும் உண்டு. வீட்டில் உடுக்க எளியவை இரண்டு கொடுத்து, நல்லது ஒன்றைக் கொடுக்கும்போது, "கோயில் திருவிழாவிற்கு இதைத்தான் உடுக்கவேண்டும், நானே வந்து கூட்டிப் போவேன்" என்று நாள் குறித்து விடுங்கள்.

இரண்டாம் பிழை, கொடுப்பவரின் வசதியைக் கருதிக் கொடுப்பது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபின், தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்திற்குப் பழந்துணிகள் வண்டி வண்டியாக வந்து குவிந்தன. வாங்குவாரின்றி அவை வீதியோரங்களிற் கிடந்ததை அந்நாட்களில் உலகம் பார்த்தது. எல்லாம் இழந்த மீனவப் பெண்களும் பிறர் உடுத்துக் கழித்த துணியைத் தொட மனமின்றி நின்றனர். வறுமை வேறு, மானம் வேறு என்பதை அத்துணிக் குவியல்கள் உணர்த்தின. நம் வீட்டில் மிகுந்த போர்வையையும், நமக்குப் பரிசாக வந்து பிடிக்காமற்போன கோப்பைகளையும் ஆச்சியின் வீட்டிற்குத் தள்ளிவிடும்போது, சிறிய அளவில் நாமும் அதனையே செய்கிறோம்.

மூன்றாம் பிழை, முதுமையடைந்த உடலை அறியாமற் கொடுப்பது. இதனைச் சற்று விரித்துக் கூறவேண்டும். நாற்பது வயதளவில் கண்வில்லை இறுகத் தொடங்குகிறது; ஆகவே அண்மையில் உள்ளது தெளிவதில்லை. கண்மணியும் சுருங்குகிறது; வில்லை மஞ்சளிக்கிறது. இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகிறது என்று கண்டிருக்கின்றனர். ஆச்சி அரிசியிற் கல் பொறுக்கும் இடத்தில் நல்ல விளக்கொன்று பொருத்திக் கொடுப்பது பட்டுச் சேலையினும் பயன் தரும். இரவில் முற்றத்தைக் கடந்து மலசலகூடம் செல்ல வேண்டிய வீடாயின், ரோச் லைற் என்று நாம் சொல்லும் மின்சூள், கைக்கு இலேசாகவும் அழுத்துவதற்கு எளிதாகவும் உள்ளது, சிறந்த பரிசாகும். மூக்குக் கண்ணாடியை மட்டும் கடையில் எடுத்துக் கொண்டு போகாதீர்கள். பார்வை மங்கலுக்குக் கண்புரை காரணமாகலாம். அதற்குக் கண்ணாடி மருந்தாகாது. கண் வைத்தியரிடம் அவரைக் கூட்டிச் சென்று, வரிசையில் உடனிருந்து, திரும்ப வீட்டிற் கொண்டுவந்து சேர்ப்பதே அங்கே நாம் கொடுக்கத்தக்க பரிசு.

பாதணி வாங்குவோர் அளவைத் தாளில் வரைந்து கொண்டு செல்லுங்கள். அதனையும் மாலையில் வரையுங்கள். முதியோர் கால் மாலையிற் சற்று வீங்கியிருக்கும். காலையில் எடுத்த அளவு மாலையில் இறுக்கும். குதிக்காலைப் பிடிக்கும் வாரும், கிணற்றடியில் வழுக்காத அடியும் உள்ள செருப்பு வேண்டும். நீரிழிவு உள்ளவர்க்குக் காலில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். கடித்த செருப்பு புண்ணானபின்பே அவர் அறிவார். அவருக்கு இனிப்புப் பொதியும் ஏற்றதன்று. இனி, வெற்றிலைத் தட்டமும் பாக்குவெட்டியும் நம் ஆச்சிமாரின் பழந்துணை. ஆயினும் பாக்கு மெல்லுதல் வாய்ப்புற்றுநோயை விளைவிக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூல் உறுதி செய்தது. ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை ஒருநாளில் விடு என்று ஆச்சியோடு வழக்காட வேண்டியதில்லை. அதனை வாங்கிக் கொடுக்கும் கை நம்முடையதாக இல்லாதிருந்தாற் போதும்.

இதுவரை கூறியவை எவ்வூர் ஆச்சிக்கும் பொருந்துவன. கிளிவெட்டி போன்ற ஓர் ஊரின் ஆச்சிக்கு இவற்றோடு மற்றொன்றும் வேண்டும். அதனை அறிய அவ்வட்டாரத்தின் அண்மை வரலாற்றைச் சிறிது நினைவுகூர வேண்டும்.

மகாவலி கங்கையின் கிளையான வெருகலாற்றின் வளம் பெற்றது கொட்டியாரம் எனப்படும் அந்நிலம். வயலும் மாடும் எருமைத் தயிரும் நிறைந்த வீடுகள் அங்கே இருந்தன. விருந்தினர்க்கு அளந்து போடும் கை ஆச்சியின் கையாகவே இருந்தது. 1980களிலும் 1990களிலும் அவ்வட்டாரத்து மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2006ஆம் ஆண்டில் மூதூர்க் கிழக்கில் போர் மூண்டபோது சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை முதலிய ஊரார் தம் வீடுகளை விட்டு வெளியேறினர். மட்டக்களப்புப் பகுதியில் அலைந்து திரும்பிய அவர்களுக்குத் தம் நிலம் உடனே திறக்கவில்லை. 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டிருந்தது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களிலிருந்த இடைத்தங்கல் முகாம்களிலேயே பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். சம்பூரில் 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்டபின்பே அவர்கள் ஊர் திரும்ப முடிந்தது.

அம்முகாமில் இருந்த ஓர் ஆச்சியை மனக்கண்ணால் எண்ணிப் பாருங்கள். அரிசியும் மாவும் பருப்பும் சீனியும் எண்ணெயும் அட்டைக்குக் கிடைக்கும். தகரக் கூரையின்கீழ் உயிர் காக்க அவை வேண்டியனவே. கொடுத்தவர்க்கு நன்றி உரியதே. ஆனால் வாழ்நாளெல்லாம் அளந்து போட்ட கை, இப்போது அளப்பதற்காக நீட்டப்படுகிறது. பெறுவதும் பெறுவதுமாகவே நாள்கள் செல்கின்றன. பேரப்பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறும்போது அதன் கையில் வைக்க ஒன்றுமில்லை. பசியை விட அவ்வெறுங்கை அவரை வருத்தியிராதா?

பிரெஞ்சு நாட்டு அறிஞர் மார்செல் மோஸ் என்பவர் கொடையைப் பற்றி 1925ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பல நாட்டு மக்களின் வழக்கங்களை ஒப்பிட்டு அவர் கண்ட முடிவு இது: கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் என்னும் மூன்றும் சேர்ந்தே மனிதரை மனிதரோடு பிணைக்கின்றன, ஏற்பதற்கு மட்டுமே இடமிருந்து திருப்பிக் கொடுக்க வழியில்லாதவர் தம்மைத் தாழ்ந்தவராக உணர்கிறார். நம் ஆச்சிமார் அந்நூலைப் படித்தவரல்லர். ஆயினும் நாம் கொடுத்த இனிப்பை அயல்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கிடும்போது அவ்வுண்மையையே செயலிற் காட்டுகின்றனர். பெட்டிக்குள் வைத்த சேலையும் பெரும்பாலும் பேர்த்தியின் கலியாண நாளை எதிர்நோக்கியே அங்கே இருக்கிறது. முதலிற் சொன்ன கேள்விக்கு விடை இதுதான். ஆச்சிக்குக் கொடுப்பவற்றுட் சிறந்தது, ஆச்சி மீண்டும் கொடுக்கக்கூடியது.

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு பார்த்தால் தேர்வு எளிதாகிறது. சித்திரை வருடப் பிறப்பன்று, சுபநேரம் பார்த்து, வெற்றிலையில் காசு வைத்து இளையோர்க்குக் கைவிசேடம் கொடுப்பது நம் வழக்கம். வீட்டில் மூத்தவர் கொடுக்க மற்றவர் வணங்கி வாங்குவர். அந்நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வங்கியிற் புதிய தாள்களும் நாணயங்களும் மாற்றி, ஓர் உறையிலிட்டு, பிறர் காணாமல் ஆச்சியின் கையிற் சேர்த்துவிடுங்கள். வருடப் பிறப்பன்று நீங்களும் வரிசையில் நின்று, காலைத் தொட்டு வணங்கி, அதிலொரு தாளை அவர் கையாலேயே வாங்கிக் கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த காசே உங்களுக்கு வந்ததென்று நினையாதீர்கள். அன்று காலை அவர் வீட்டுக்குத் தலைவியாக அமர்ந்திருந்தார் அல்லவா, அதுவே நீங்கள் கொடுத்த பரிசு.

இவ்வாறே, விசுக்கோத்தைத் தாட்பொதியில் வாங்காமல் இறுக்கமான மூடியுள்ள நல்ல பேணியில் வாங்குங்கள். உள்ளிருப்பது தீர்ந்தபின்னும் பேணி நிற்கும். முறுக்கோ கச்சானோ அதில் நிறைந்து, வருகின்ற பிள்ளைகளின் கைக்குப் போய்க்கொண்டிருக்கும். மூடி மட்டும் முதிய விரல்களுக்குத் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். மீளக் குடியேறிய வளவில் நட ஒரு கறிவேப்பிலைக் கன்று, ஒரு தேசிக்கன்று, ஒரு முருங்கைத் தடி கொண்டு செல்லுங்கள். முருங்கை ஓராண்டளவிற் காய் தரும். கறிவேப்பிலை தழைத்தால் அயலார் ஒரு கொத்துக் கேட்டு வருவர். "எடுத்துக்கொண்டு போ பிள்ளை" என்று சொல்லும் உரிமை ஆச்சிக்குத் திரும்பக் கிடைக்கும். உடல் இடங்கொடுப்பவராயின் நாலு கோழிக்குஞ்சும் நன்றே. முட்டை வீட்டுக்கும் ஆகும், பிள்ளை பெற்ற அயலாளுக்குக் கொடுக்கவும் ஆகும்.

இடம்பெயர்ந்தோர் இழந்தவற்றுள் காசு கொடுத்து வாங்க முடியாதது நிழற்படம். ஆச்சியின் திருமணப் படம் அவரிடம் இல்லாதிருக்கலாம். கொழும்பிலோ கனடாவிலோ உள்ள உறவினர் வீட்டு அல்பத்தில் அதன் பிரதி இருத்தல் கூடும். தேடிப் பெற்று, அவர் கண்ணுக்குத் தெரியுமளவு பெரிதாக்கி, பின்புறத்தில் பெயர்களையும் ஆண்டையும் எழுதிக் கொடுங்கள். அவரே விரல் வைத்து, இவர் இன்னார், அவர் இன்னார் என்று சொல்லத் தொடங்குவார். அப்போது நாம் கேட்டிருக்க வேண்டும். வல்லாரைச் சம்பல் அரைக்கும் பக்குவம், வயல்வெளிகளின் பழைய பெயர்கள், தாலாட்டின் மெட்டு ஆகியவை அவரிடம் மட்டுமே இருக்கும் செல்வங்கள். அவர் இசைந்தால் கைத்தொலைபேசியிற் குரலைப் பதிந்து கொள்ளலாம். துயரக் கதைகளை மட்டும் நாமாகக் கிளறாதிருப்போம். அவர் சொல்ல வந்தால் இடைமறியாது கேட்போம்.

கடல் கடந்து வாழ்வோர்க்கும் ஒரு சொல். மாதந்தோறும் பணம் அனுப்புவது கடமை. ஆனால் பணம் வந்த செய்தியை வங்கியே ஆச்சிக்குச் சொல்லிவிடும். உங்கள் குரலை வங்கி சொல்லாது. எழுத்துப் பெரிதாக உள்ள எளிய தொலைபேசி ஒன்றைக் கொடுத்து, வாரத்தில் ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் வரையறுத்துக் கொள்ளுங்கள். கோடையில் டொரன்டோவில் ஞாயிறு காலை எட்டரை மணியாகும்போது கிளிவெட்டியில் மாலை ஆறு மணி, விளக்கேற்றும் வேளை. பேசும்போது நலம் விசாரிப்பதோடு நில்லாமல் ஏதேனும் ஒன்றை அவரிடம் கேளுங்கள்: குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன கசாயம் வைப்பார்கள், கலியாணத்துக்கு எந்த மாதம் நல்லது என்று. உங்கள் வைத்தியர் சொல்வதையே நீங்கள் பின்பற்றலாம். ஆயினும் கேட்கப்படுதல் அவர்க்கு ஊட்டும் வலிமையை வேறெந்தச் சத்து மாவும் ஊட்டாது.

முதியோரைப் போற்றும் நாள்கள் இன்று உலகெங்கும் உண்டு. ஐப்பசிக்கு முன்னதாக வரும் அக்டோபர் முதலாம் நாளை முதியோர் நாளாக ஐக்கிய நாடுகள் சபை 1990ஆம் ஆண்டில் அறிவித்தது. நம் நாட்டில் அது சிறுவர் நாளும் ஆகும். ஜப்பானில் நூறு வயது எய்துவோர்க்கு அரசாங்கம் வெள்ளிக் கிண்ணம் வழங்கும் வழக்கம் 1963ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. அவ்வாண்டில் அந்நாட்டில் நூறு வயது கடந்தோர் 153 பேரே. பின்னர் அத்தொகை பல்லாயிரமாகப் பெருகவே, 2016ஆம் ஆண்டு முதல் கிண்ணம் வெள்ளி முலாம் பூசியதாயிற்று. அரசின் கொடைக்குச் செலவுக் கணக்கு உண்டு, அது தவறன்று. பேரப்பிள்ளையின் கொடையோ சிறு தொகையிலும் நிறைவு பெறும். நூறு வயதுவரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை கிளிவெட்டிக்கோ, உங்கள் ஆச்சி வாழும் வேறெந்த ஊருக்கோ புறப்படும்போது கடைவீதியில் ஒரு கணம் நின்று இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது அவர் உடலுக்கு இலேசாக இருக்குமா? இதிலிருந்து அவர் யாருக்காவது ஒன்று கொடுக்க முடியுமா? இரண்டிற்கும் ஆம் என்று விடை வந்தால் அதனை வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறுங்கள். அவர் திண்ணையிலிருந்து எழுந்து, "எனக்கேன் பிள்ளை இந்தச் செலவு?" என்று கேட்பார். கேட்கட்டும். பின்பு நீங்கள் விடைபெறும் வேளையில், உங்கள் பையில் நாலு முருங்கைக்காயோ ஒரு சட்டி தயிரோ வைத்துக் கட்டுவார். "வேண்டாம் ஆச்சி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரு கையாலும் வாங்கிக் கொள்ளுங்கள்.